டகோமாவுக்கு அடியில் எந்தத் தகடு? ஸ்கிட் பிளேட் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்கள் குறைக்கப்பட்டுள்ளன.)

இந்த வாரக் கேள்வி கொலராடோவிலிருந்து வந்திருக்கு. நேயர் வச்சிருக்கிறது மூன்றாம் தலைமுறை டொயோட்டா டகோமா, டிஆர்டி ஆஃப்-ரோட் மாடல். வசந்த காலத்துல மனைவி, இரண்டு குழந்தைகளோட யூட்டாவில் இருக்கிற மோவாப் போகப் போறார். பட்டியல்ல இரண்டு டிரெயில்: ஃபின்ஸ் அண்ட் திங்ஸ், அப்புறம் கேன்யன்லேண்ட்ஸ் நேஷனல் பார்க்குக்குள்ள இருக்கிற வைட் ரிம் ரோடு. அவர் கேட்டது ஒரே வரி: "ஸ்கிட் பிளேட் ஸ்டீல்ல வாங்கட்டுமா, அலுமினியத்துல வாங்கட்டுமா?"

ஒரு வரியில் பதில் சொல்லிட்டுப் போகலாம். ஆனா அவர் மெயிலோட கடைசியில் ஒரு தகவல் சேர்த்திருந்தார். கதவு ஓரத்துல ஒட்டியிருக்கிற ஸ்டிக்கர்படி வண்டியோட பேலோட் 1,050 பவுண்டு. எனக்கு அந்த எண்தான் முக்கியமாப் பட்டது. அதனால இன்னிக்கு முழு எபிசோடும் இதுக்குத்தான்.

முதல்ல பேரைத் தெளிவாக்கிடுவோம். ஊர்ல இருந்து கேக்கிறவங்களுக்கு: இங்க ஸ்கிட் பிளேட்னு சொல்றது, நாம "சம்ப் கார்டு"ன்னு சொல்ற அதே சமாச்சாரம்தான். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிக்கிற தொட்டி சம்ப்; அதைக் காப்பாத்துற தகடு சம்ப் கார்டு. நம்ம ஊர்ல அது பெரும்பாலும் ஸ்பீடு பிரேக்கருக்கும் பள்ளத்துக்கும். இங்க ஆஃப்-ரோட் பண்றவங்களுக்கு அது பாறைக்கு. பேர் மாறினதுக்கும் ஒரு அர்த்தம் இருக்கு. கார்டுன்னா தடுக்கிறது. ஸ்கிட்னா வழுக்கிட்டுப் போறது. பாறை மேல வண்டி வயிறு உட்கார்ந்தா, அந்தத் தகடு ஒரு சறுக்கு மாதிரி வண்டியை இழுத்துட்டுப் போக விடணும். தடுத்தா மட்டும் போதாது. இந்த வித்தியாசம் பின்னாடி வரும், ஞாபகம் வச்சுக்கோங்க.

எதைக் காப்பாத்துறோம்?

டகோமாவுக்கு அடியில் படுத்துப் பார்த்தா, முன்னாடியிலிருந்து பின்னாடி இப்படி வரும்: முன் டிஃபரன்ஷியல், இன்ஜின் ஆயில் சம்ப், கியர்பாக்ஸ், டிரான்ஸ்ஃபர் கேஸ், பக்கத்துல பெட்ரோல் டேங்க், கடைசியா பின் ஆக்ஸில். நடுவுல எக்ஸாஸ்ட் பைப்பும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் குறுக்கும் நெடுக்குமா ஓடும்.

சம்ப் ஓட்டையானா ஆயில் கொட்டும், இன்ஜின் நிக்கும், இது எல்லாருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, ஓட்டையே ஆகணும்னு அவசியம் இல்லைங்கிறது. சம்புக்குள்ள ஆயிலை உறிஞ்சி எடுக்கிற ஒரு பிக்அப் குழாய் இருக்கு. அதோட வாய் சம்போட தரைக்கு ரொம்பக் கிட்ட இருக்கும். தகரம் உள்பக்கமா குழிஞ்சு அந்த வாயை அடைச்சா, வெளியே ஒரு சொட்டு ஆயில் சிந்தாம, உள்ள பிரஷர் விழுந்துடும். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கும் இதே கதைதான். அதோட அடித்தொட்டிக்குள்ளதான் ஃபில்டர் உட்கார்ந்திருக்கும்.

டிஆர்டி ஆஃப்-ரோட்ல கம்பெனியே முன்னாடி ஒரு ஸ்கிட் பிளேட் குடுக்குது. அழுத்தி வடிவமைச்ச மெல்லிய இரும்புத் தகடு. மண் ரோட்ல கல் தெறிச்சா, புதர் உரசினா, அது போதும். வண்டியோட எடை அது மேல இறங்கினா போதாது. டிஆர்டி புரோ மாடல்ல டொயோட்டா அதே இடத்துல கால் இன்ச் அலுமினியத் தகடு வச்சது. கம்பெனிக்கே அந்த வித்தியாசம் தெரியும்.

எவ்வளவு அடி விழும்னு ஒரு தோராயக் கணக்கு. வண்டியோட முன்பக்க எடை சுமார் 1,000 கிலோன்னு வச்சுக்கோங்க. முன் சக்கரம் ஒரு படியிலிருந்து இறங்கும்போது, வயிறு 10 சென்டிமீட்டர் கீழே போய் ஒரு பாறை மேல உட்காருது. தகடு 2 சென்டிமீட்டர் வளைஞ்சு அந்த அடியை வாங்குது. சஸ்பென்ஷன் எதுவும் தாங்கலைன்னு மோசமான நிலையை எடுத்துக்கிட்டா, 12 சென்டிமீட்டர் இறக்கத்தோட ஆற்றலை 2 சென்டிமீட்டர்ல நிறுத்தணும். அதாவது சராசரி விசை எடையைப் போல 6 மடங்கு. 6 டன் எடையை ஒரு தகடு மேல வச்ச மாதிரி.

இந்தக் கணக்குல இரண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, தகடு வளையறது நல்லதுதான். வளையாத தகடுன்னா விசை இன்னும் ஏறும். இரண்டாவது, அது வளையறதுக்கு இடம் வேணும். தகடுக்கும் சம்புக்கும் நடுவுல 1 சென்டிமீட்டர் இடைவெளிதான்னா, எவ்வளவு தடிமனான தகடா இருந்தாலும் கடைசியில் அது சம்பைத்தான் போய்க் குத்தும். வாங்குறதுக்கு முன்னாடி நீங்க கேக்க வேண்டிய முதல் கேள்வி இந்த இடைவெளி. தடிமன் அப்புறம்.

ஸ்டீல், அலுமினியம்

சரி, அவர் கேட்டதுக்கு வருவோம். அமெரிக்காவில் டகோமாவுக்குத் தகடு செய்யறவங்க நிறைய. ஆர்சிஐ, பட்பில்ட், சிபிஐன்னு. (சிபிஐன்னதும் பயப்படாதீங்க, இது ரெய்டு வர்ற சிபிஐ இல்ல. பம்பர் செய்யற சிபிஐ.) யாரும் எனக்குக் காசு குடுக்கலை, நானும் யாரையும் பரிந்துரைக்கப் போறதில்லை. பொதுவா நீங்க பார்க்கப் போற தேர்வு இரண்டு: 3/16 இன்ச் ஸ்டீல், அதாவது 4.76 மில்லிமீட்டர். இல்லேன்னா கால் இன்ச் அலுமினியம், 6.35 மில்லிமீட்டர். அலுமினியத்துல பெரும்பாலும் 5052ங்கிற ரகம்.

எடையைப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டருக்கு அந்த ஸ்டீல் தகடு 37 கிலோ. அலுமினியம் 17 கிலோ. தடிமன் கூட இருந்தும் பாதிக்கும் கீழ.

"எடை கம்மின்னா பலமும் கம்மிதானே?"ன்னு தோணும். இங்கதான் இன்ஜினியரிங் முதல் வருஷப் பாடம் உதவும். ஒரு தகடு வளையாம நிக்கிற விறைப்பு, பொருளோட மீள்தன்மைக் குணகத்தையும் தடிமனோட மும்மடியையும் பொறுத்தது. ஸ்டீலுக்கு அந்தக் குணகம் சுமார் 200 ஜிகாபாஸ்கல், அலுமினியத்துக்கு சுமார் 69. பொருள் அளவுல அலுமினியம் மூணுல ஒரு பங்கு விறைப்புதான். ஆனா தடிமன் கூடினதை மும்மடி ஆக்கிப் பெருக்கினா, அந்தக் கால் இன்ச் அலுமினியத் தகடு, 3/16 ஸ்டீல் தகட்டோட விறைப்புல 80 சதவீதத்துக்கு மேல வந்துடுது.

இன்னும் சுவாரஸ்யமானது, நிரந்தரமா மடங்கிப் போற இடம். அது பொருளோட யீல்டு வலிமையையும் தடிமனோட இருமடியையும் பொறுத்தது. சாதாரண ஸ்டீலுக்கு 250 மெகாபாஸ்கல், 5052 அலுமினியத்துக்கு (எச்32 பதம்) சுமார் 190. கணக்குப் போட்டா அலுமினியத் தகடு ஸ்டீலைவிட மூணுல ஒரு பங்கு அதிக விசை தாங்கின பிறகுதான் நிரந்தரமா வளையுது. "அலுமினியமா, தகர டப்பா மாதிரி நசுங்கிடும்"னு யாராவது சொன்னா, இந்தக் கணக்கைக் காட்டுங்க. அந்தத் தடிமன்ல அது நசுங்காது.

அப்ப அலுமினியமே ஜெயிச்சுதா? இல்ல. இதுவரைக்கும் பேசினது வளையறதைப் பத்தி. ஸ்கிட் பிளேட்டோட வேலை சறுக்குறதுன்னு முதல்லயே சொன்னேனே, அங்க கதை மாறுது.

அலுமினியம் மென்மையானது. பிரினெல் கடினத்தன்மையில் 5052 சுமார் 60, சாதாரண ஸ்டீல் அதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. மோவாப்ல இருக்கிறது மணற்கல். பேர் "ஸ்லிக்ராக்" ஆனாலும் வழவழப்பு எதுவும் இல்ல, உப்புத்தாள் மாதிரி இருக்கும். குதிரை லாடத்தோட போனா வழுக்கினதால அப்படிப் பேர் வந்ததா சொல்லுவாங்க, ரப்பர் டயருக்கு அது பிரேக் மாதிரி பிடிக்கும். அந்த மணற்கல் மேல அலுமினியம் உரசும்போது, கல்லோட மணிகள் உலோகத்துக்குள்ள பதிஞ்சு உழுதுட்டுப் போகும். வண்டி சறுக்கறதுக்குப் பதிலா ஒட்டிக்கிட்டு நிக்கிற மாதிரி ஒரு உணர்வு வரும். நீங்க ஆக்ஸிலேட்டரை அழுத்துவீங்க, அது இன்னும் ஆழமா உழும். ஸ்டீல் அதே இடத்துல கிறீச்சுன்னு காது கூசற சத்தம் போட்டுட்டு நகர்ந்துடும்.

ஒரே ஒரு டிரிப்புல அலுமினியம் தேஞ்சு போயிடாது. ஆனா வருஷத்துக்கு நாலு தடவை பாறை மேல வயித்தை இழுக்கிற ஆளுக்கு ஸ்டீல்தான் சரி. வருஷத்துக்கு ஒரு தடவை, தப்பித் தவறி ஒரு அடி விழும்ங்கிற ஆளுக்கு அலுமினியம் தாராளமா போதும்.

துருவைப் பத்தியும் சொல்லணும். ஸ்டீல் தகடு மேல பூசியிருக்கிற பவுடர் கோட்டிங் முதல் பாறையோட சரி. அதுக்கப்புறம் துருதான். ஒவ்வொரு சீசன் முடிஞ்சதும் கம்பி பிரஷ் போட்டு, ஒரு ஸ்ப்ரே பெயிண்ட் அடிச்சா கவலை இல்ல, தகடு துருப்பிடிச்சு ஓட்டையாக பல வருஷம் ஆகும். அலுமினியத்துக்குத் துரு இல்லைன்னு விளம்பரம் பண்ணுவாங்க. உண்மைதான், ஆனா அதை மாட்டுற போல்ட் இரும்பு. குளிர்காலத்துல ரோட்ல உப்பு கொட்டுற மாநிலங்கள்ல, இரும்பும் அலுமினியமும் உப்புத் தண்ணியும் சேர்ந்தா ஒரு சின்ன பேட்டரி ஆயிடும். போல்டைச் சுத்தி அலுமினியம் வெள்ளைப் பொடியா அரிச்சுப் போகும், போல்ட் இறுகிடும். கொலராடோவில் ரோட்டுக்கு உப்புக் கரைசல் அடிக்கிறாங்க, அதனால நேயருக்கு இது பொருந்தும். போல்ட் மரையில் ஆண்டி-சீஸ் தடவணும், வாஷருக்கு அடியில் பூச்சு போகாம பாத்துக்கணும். வேலை அவ்வளவுதான், ஆனா ஆரம்பத்துலயே செய்யணும்.

சரி செய்யற வசதியிலும் வித்தியாசம் உண்டு. வளைஞ்ச ஸ்டீலை எந்த வெல்டிங் பட்டறையிலும் சூடு காட்டி, தட்டி நேராக்கிடலாம். அலுமினிய வெல்டிங்குக்கு ஆள் தேடணும்.

தகட்டைத் தாங்குறது எது?

இனி சொல்றதுதான் இந்த எபிசோட்ல எனக்கு ரொம்ப முக்கியம். கடைப் பக்கத்துல தடிமன் பெரிய எழுத்துல போட்டிருப்பாங்க. அது எங்க, எப்படி மாட்டுதுன்னு சின்ன எழுத்துல கூட இருக்காது.

6 டன் விசைன்னு பார்த்தோம். அந்த விசை தகட்டோட நின்னுடாது. தகட்டிலிருந்து போல்ட்டுக்கு, போல்ட்டிலிருந்து பிராக்கெட்டுக்கு, அங்கிருந்து கிராஸ்மெம்பருக்கு, கடைசியா சேஸிஸ் ஃபிரேமுக்குப் போகணும். இந்தச் சங்கிலியில் எது மெலிஞ்சதோ அதுதான் உடையும். கால் இன்ச் தகட்டை 3 மில்லிமீட்டர் பிராக்கெட்ல தொங்கவிட்டா, தகடு அப்படியே இருக்கும், பிராக்கெட் மடங்கி மொத்தத் தகடும் சம்ப் மேல போய் விழும். சாஃப்ட்வேர்ல நாங்க சர்வரைப் பத்து ஆக்கிட்டு டேட்டாபேஸை ஒண்ணுலயே விட்டு வச்சிருப்போமே, அதே கூத்துதான்.

அடுத்தது, தாங்கு புள்ளிகளுக்கு நடுவுல எவ்வளவு தூரம். ஒரே விசைக்கு, இரண்டு தாங்கலுக்கு நடுவுல தூரம் இரண்டு மடங்கானா வளைவு 8 மடங்காகும். தடிமனைக் கொஞ்சம் கூட்டி இதை ஈடு கட்ட முடியாது. அதனாலதான் நல்ல தகடுகள்ல நீளவாக்கில் மடிப்பு இருக்கும், இல்லேன்னா உள்பக்கம் விலா எலும்பு மாதிரி பட்டை வெல்ட் பண்ணியிருப்பாங்க. தட்டையா வெட்டி, நாலு ஓட்டை போட்டு அனுப்புறது எந்தப் பட்டறையிலும் முடியும். மடிப்புலயும் பட்டையிலயும்தான் டிசைன் தெரியும். வாங்குறதுக்கு முன்னாடி தகட்டோட மேல்பக்கப் படத்தைக் கேளுங்க. எல்லாக் கடையும் கீழ்ப்பக்கம், பளபளன்னு லோகோ வெட்டின பக்கத்தைத்தான் காட்டும்.

லோகோன்னு சொன்னதும் இன்னொண்ணு. முன் தகட்டோட நெத்தியில் எழுத்து வெட்டி, அடியில் சிவப்புப் பட்டை தெரியற மாதிரி அழகு பண்ணுவாங்க. நெத்தி மேல் பகுதியில் இருந்தா பரவாயில்லை. பாறை படுற கீழ் மடிப்புல எழுத்து வெட்டியிருந்தா, அந்த ஓட்டையோட விளிம்பு கல்லைக் கொக்கி போட்டுப் பிடிக்கும். அழகுக்காக அதை ஏத்துக்கிறது உங்க இஷ்டம். நான் ஏத்துக்க மாட்டேன்.

தகடுகள் ஒண்ணு மேல ஒண்ணு எப்படி ஏறுதுன்னும் பாருங்க. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடு அடுக்கியிருக்கிற முறை தெரியும்தானே? மேல் ஓட்டோட கடைசி நுனி, கீழ் ஓட்டோட ஆரம்பத்தை மூடியிருக்கும், மழைத் தண்ணி வழிஞ்சு போயிடும், உள்ள நுழையாது. இங்கயும் அதே தர்க்கம். முன் தகட்டோட பின் நுனி, அடுத்த தகட்டோட முன் நுனிக்குக் கீழ வந்து அதை மூடியிருக்கணும். அப்பத்தான் முன்னாடி போகும்போது பாறை ஒரு தகட்டிலிருந்து அடுத்ததுக்கு வழுக்கிட்டுப் போகும். இதுல ஒரு சிக்கல், ரிவர்ஸ் எடுக்கும்போது அதே நுனி பாறையைக் கவ்வலாம். ஒரு பாறை மேல மாட்டிக்கிட்டா உடனே பின்னாடி இழுக்காதீங்கன்னு அனுபவசாலிகள் சொல்றதுக்கு இதுவும் ஒரு காரணம்.

போல்ட் தலை வெளியே நீட்டிக்கிட்டு இருந்தா பாறை அதைத் தேய்ச்சுத் தட்டையாக்கிடும். அப்புறம் ஸ்பேனர் பிடிக்காது, தகட்டைக் கழட்டணும்னா அறுக்கணும். தலை குழிக்குள்ள உட்கார்ற மாதிரி இருக்கிற டிசைன்தான் வேணும்.

வேகமா மத்தது. வண்டியை லிஃப்ட் பண்ணி, முன் டிஃபரன்ஷியலை இறக்குற கிட் போட்டிருந்தா, தகடு நேரா உட்காராது, ஸ்பேஸர் வேணும். வாங்கும்போதே சொல்லிடுங்க. ஆட்டோமேட்டிக்கா மேனுவலாங்கிறதையும் சொல்லுங்க, கியர்பாக்ஸ் தகடு மாறலாம். ஆயில் டிரெய்ன் போல்டுக்கு நேரா ஓட்டை இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா ஒவ்வொரு ஆயில் சேஞ்சுக்கும் தகட்டைக் கழட்டணும், அவசரமா பத்து நிமிஷத்துல ஆயில் மாத்துற கடைக்காரங்க பார்த்ததுமே கையெடுத்துக் கும்பிடுவாங்க. அப்புறம் "கேட் ஷீல்டு"ன்னு ஒரு தகடு விக்கிறாங்க, அது கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் திருடனிடமிருந்து காப்பாத்த. பாறைக்கு இல்ல. இரண்டையும் குழப்பிக்காதீங்க.

வாரன்டி போயிடுமான்னு ஒரு பயம் எல்லாருக்கும் உண்டு. அமெரிக்காவில் 1975லேர்ந்து மேக்னசன்-மாஸ் சட்டம் இருக்கு. வெளிப் பொருள் மாட்டினீங்கங்கிற ஒரே காரணத்துக்காக வாரன்டியை மறுக்க முடியாது, பழுதுக்கு அந்தப் பொருள்தான் காரணம்னு அவங்க காட்டணும்.

ஒண்ணே ஒண்ணு மட்டும் நிதானமா சொல்றேன், ஏன்னா இதுல உயிர் ஆபத்து இருக்கு. அடியை முழுசா மூடினா அடி பாதுகாப்பு, ஆனா தகட்டுக்கு மேல ஒரு தட்டு மாதிரி ஆயிடும். காய்ஞ்ச புல் வழியா ஓட்டினா புல் அங்க போய்ச் சேரும். அதுக்கு ஒரு சில இன்ச் மேல கேட்டலிடிக் கன்வெர்ட்டர், நூத்துக்கணக்கான டிகிரி சூட்டுல. மேற்கு மாநிலங்கள்ல கோடையில் புல் தீப்பெட்டி மாதிரி இருக்கும். வண்டிக்கு அடியிலிருந்து தீப்பிடிக்கிறது கற்பனைக் கதை இல்ல. புல் நிறைந்த பாதைன்னா அடிக்கடி நிறுத்தி, குனிஞ்சு, டார்ச் அடிச்சுப் பார்த்து, கையால எடுத்துடுங்க. கை போகிற அளவுக்குத் திறப்பு இருக்கிற தகடா வாங்குங்க. அந்தத் திறப்பு சேறு கழுவறதுக்கும், கியர்பாக்ஸ் சூடு வெளியே போறதுக்கும் கூட உதவும்.

நேயரோட கணக்கு

இப்ப 1,050 பவுண்டுக்கு வருவோம். அது 476 கிலோ. பேலோட்ங்கிறது பின்னாடி தொட்டியில் ஏத்துற சரக்கு மட்டும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. டிரைவரும் அதுல சேர்த்தி, குழந்தைகளும் சேர்த்தி, ஃபேக்டரியை விட்டு வந்த பிறகு நீங்க மாட்டின ஒவ்வொரு ஆணியும் சேர்த்தி. ஸ்கிட் பிளேட்டும்தான்.

அவர் மெயில்ல குடுத்த பட்டியல்: பெரியவங்க இரண்டு பேர் 150 கிலோ, குழந்தைகள் இரண்டு பேர் 50. பின் தொட்டிக்கு மேல் கூடு 80. கூரை டென்ட் 60. தண்ணி 40 லிட்டர், அதுவே 40 கிலோ. ஃபிரிட்ஜ், சாப்பாடு, துணி, கருவிகள் எல்லாம் சேர்த்து 60. மொத்தம் 440. மிச்சம் 36 கிலோ.

முன் தகட்டிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸ் வரைக்கும் மூட, தோராயமா 75 சென்டிமீட்டர் அகலம், 2 மீட்டர் நீளம், அதாவது ஒன்றரை சதுர மீட்டர் தகடு வேணும். ஸ்டீல்ல 56 கிலோ. அலுமினியத்துல 26 கிலோ. பிராக்கெட்டும் போல்ட்டும் தனி. முழு ஸ்டீல் போட்டா வண்டி ஸ்டிக்கரைத் தாண்டிடும். அதிக எடையோட இறக்கத்துல பிரேக் பிடிக்கிறது, ஸ்பிரிங் அமுங்கி வயிறு இன்னும் கீழ இறங்கறதுன்னு எல்லாம் சேர்ந்து வரும். பாறையிலிருந்து காப்பாத்த மாட்டின எடையே வண்டியைப் பாறைக்குக் கிட்ட கொண்டு போகும்.

அடுத்து, அவர் போற இடம். வைட் ரிம் ரோடு சுமார் 100 மைல். பெரும்பகுதி நிதானமா ஓட்டினா போயிடலாம், செங்குத்தான சில ஏத்த இறக்கம் மட்டும் கஷ்டம். ஆனா நடுவுல ஏதாவது ஆனா போன் சிக்னல் இருக்காது, குடிக்கத் தண்ணி கிடைக்காது, டோ வண்டி வரவழைச்சா ஆயிரம் டாலரைத் தாண்டும். அங்க கவலை அடிக்கடி விழற அடி இல்ல. ஒரே ஒரு அடி, அதுவும் சம்ப்ல. ஃபின்ஸ் அண்ட் திங்ஸ் நேர்மாறு. ஊருக்குப் பக்கத்துல, ஆள் நடமாட்டம் உண்டு, ஆனா மணற்கல் திட்டுகள் மேல ஏறி இறங்கும்போது வண்டியோட மூக்கும் வயிறும் உரசும்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தா எனக்குத் தோணுறது இது. முன் தகடு மட்டும் ஸ்டீல், ஏன்னா ஏறும்போதும் இறங்கும்போதும் முதல்ல கல்லைத் தொடுறது அதுதான், சறுக்க வேண்டியதும் அதுதான். கியர்பாக்ஸுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கும் அலுமினியம். அரை சதுர மீட்டர் ஸ்டீல் 19 கிலோ, ஒரு சதுர மீட்டர் அலுமினியம் 17 கிலோ, மொத்தம் 36. தகடுகளைத் தனித்தனியா விக்கிற கம்பெனியாப் பார்த்து, எல்லாத்தையும் ஒரே இடத்துலயே வாங்குங்க, இல்லேன்னா நுனியும் பிராக்கெட்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகாது. ஸ்டீலும் அலுமினியமும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடத்துல நடுவுல ஒரு ரப்பர் பட்டை வைங்க. அந்தப் பேட்டரி சமாச்சாரம்.

36க்கு 36ன்னா பிராக்கெட் எடைக்கு இடமில்லையேன்னு கேப்பீங்க. பழைய தகட்டைக் கழட்டினா சில கிலோ கிடைக்கும், ஆனா அதை நம்பி இருக்க வேண்டாம். கூரை டென்டை இந்த டிரிப்புக்கு வீட்டுலயே விட்டுடுங்க. 60 கிலோ அது, அதுவும் வண்டியோட உச்சந்தலையில், பக்கச் சரிவான பாறையில் அது பண்ற வேலை வேற. தரையில் போடுற டென்ட் 10 கிலோதான். குழந்தைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

பணம் ஒரே தடவையில் முடியாதுன்னா, முன் தகடு முதல்ல, அடுத்து கியர்பாக்ஸ், அப்புறம் டிரான்ஸ்ஃபர் கேஸ். பெட்ரோல் டேங்க் தகடு, பின் ஆக்ஸில் தகடு எல்லாம் இந்த டிரிப்புக்கு வேண்டாம். பிற்பாடு ஹெல்ஸ் ரிவெஞ்ச் மாதிரி டிரெயில் போகணும்னு ஆசை வந்தா, தகட்டுக்கு முன்னாடி கதவுக்குக் கீழ மாட்டுற ராக் ஸ்லைடர் வாங்கணும். அது தனி எடை, தனி எபிசோடு.

மாட்டும்போது ஒரு எச்சரிக்கை. 19 கிலோ தகட்டை மல்லாந்து படுத்துக்கிட்டு ஒரு கையால தூக்கி, இன்னொரு கையால போல்ட் தேடாதீங்க. ஃப்ளோர் ஜாக் மேல ஒரு கட்டை வச்சு, அது மேல தகட்டை வச்சு ஏத்துங்க. வண்டியை ஜாக் ஸ்டாண்ட் மேல நிறுத்தாம அடியில் போகவே கூடாது. எல்லா போல்டையும் முதல்ல கையால பாதி முறுக்கிட்டு, தகடு சரியா உட்கார்ந்த பிறகு டார்க் ரெஞ்ச் போடுங்க. 100 மைல் ஓட்டினதும் மறுபடி எல்லா போல்டையும் பாருங்க, புதுசுல கொஞ்சம் இளகும். டென்வர் பக்கத்திலிருந்து மோவாப் போறதுக்கே 350 மைல் ஆகும், அதனால போய்ச் சேர்ந்த அன்னிக்கு ராத்திரி, டிரெயில்ல இறங்குறதுக்கு முன்னாடி, ஒரு கால் மணி நேரம் ஒதுக்குங்க. டார்க் ரெஞ்ச் 60 கிலோ பட்டியல்ல இருக்கட்டும்.